கடைவீதியில் வாங்குபவரின் உரிமை: ஹிஸ்பா சொல்லும் வரலாறு

 

பெருநாள் துணி எடுக்கக் குடும்பத்தோடு கடைவீதிக்குச் செல்லும் எவருக்கும் சில காட்சிகள் பழகிப் போனவை. வாசலில் நிற்பவர் கையைப் பிடித்து இழுக்காத குறையாக உள்ளே அழைப்பார். உள்ளே நுழைந்ததும் பணியாளர் ஒருவர் நிழல்போல் பின்தொடர்வார். இருபது புடவைகளை விரித்துக் காட்டியபின் எதுவும் பிடிக்கவில்லை என்று எழுந்தால் முகம் சுளிப்பார்கள். "இதுதான் கடைசி பீஸ்", "இன்னும் போனி ஆகவில்லை", "அல்லாஹ் மேல் ஆணையாக, வாங்கின விலைக்கே தருகிறேன்" என்று ஒவ்வொன்றாக வரும். பணம் செலுத்தும் இடத்தில் கைப்பேசி எண் கேட்பார்கள். சில்லறைக்குப் பதிலாக மிட்டாய் நீட்டுவார்கள். ரசீதின் அடியில், விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது என்று அச்சிட்டிருக்கும்.

இவற்றை நாம் இக்காலத்து வியாபாரத்தின் கோளாறுகள் என்று எண்ணிக்கொள்கிறோம். ஆனால் வரலாற்றைப் புரட்டினால் இவற்றுள் பெரும்பாலானவை ஏறத்தாழ 1400 ஆண்டுகளுக்கு முன்பே இனங்காணப்பட்டு, பெயரிடப்பட்டு, தடுக்கப்பட்டவை என்பது தெரியவரும். அவற்றைக் கண்காணிக்கவென்றே பிற்காலத்தில் ஒரு பதவியும் உருவானது. அந்தப் பணிக்கு ஹிஸ்பா என்றும், அதை நடத்தியவருக்கு முஹ்தஸிப் என்றும் பெயர்.

இந்த வரலாற்றை நாம் அறிய வேண்டியதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் பல, கல்லாவுக்கு இரு புறமும் நிற்பவை. வாங்கும்போது எரிச்சலடையும் நாமே மறுநாள் கடை திறந்து விற்கிறோம். அல்லது நம் பிள்ளைகள் சென்னையிலோ, துபாயிலோ, சிங்கப்பூரிலோ ஒரு கடையில் வேலை பார்க்கிறார்கள். ஆகவே இது பிறரைக் குறைகூறுவதற்கான வரலாறு அன்று.

மதீனாவின் சந்தை

நபி (ஸல்) அவர்கள் வணிகக் குடும்பத்தில் பிறந்து, வணிகராக வாழ்ந்தவர்கள். சந்தையின் நெளிவு சுளிவுகளை நேரில் அறிந்தவர்கள். மதீனாவில் அவர்கள் சந்தைக்குள் நடந்து சென்று பொருள்களைக் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

ஸஹீஹ் முஸ்லிமில் அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் நிகழ்ச்சியை நாம் அனைவரும் அறிவோம். தானியக் குவியல் ஒன்றினுள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. காரணம் கேட்டார்கள். மழை பட்டுவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் மக்கள் பார்க்கும்படி ஈரமானதை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று வினவி, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என எச்சரித்தார்கள்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த வியாபாரி தானியத்தில் தண்ணீர் ஊற்றவில்லை, பொய்யும் சொல்லவில்லை, கேட்டவுடன் உண்மையைச் சொல்லிவிட்டார். அவர் செய்தது நல்லதை மேலே அடுக்கியது மட்டுமே. நம் ஊர்ப் பழக்கடையில் பெட்டியின் மேலடுக்கு மட்டும் பளபளப்பதை நாம் 'வியாபாரத் தந்திரம்' என்று சாதாரணமாகக் கடந்து செல்கிறோம். கேட்டால் சொல்லலாம் என்று இருப்பது போதாது, கேட்காமலே தெரியும்படி வைக்க வேண்டும் என்பதே அந்த நிகழ்ச்சி தரும் பாடம்.

அரபு மண்ணில் வழங்கிய வேறு பல விற்பனை முறைகளும் இவ்வாறே தடுக்கப்பட்டன. அவற்றுள் சில இன்றைக்கும் நம்மோடு உறவுடையவை.

முதலாவது நஜ்ஷ். வாங்கும் எண்ணமே இல்லாத ஒருவர் கூட்டத்தில் நின்று விலையை ஏற்றிக் கேட்பார். அதைப் பார்த்து உண்மையில் வாங்க வந்தவர் மேலும் விலை உயர்த்துவார். விற்பவரும் அவரும் கூட்டாளிகள். இன்று ஏலக் கடைகளில் மட்டுமல்ல, கைப்பேசித் திரையிலும் இதே ஆள் நிற்கிறார். காசு வாங்கிக்கொண்டு எழுதப்படும் பாராட்டு விமர்சனங்களும், இந்தப் பொருளை இத்தனை பேர் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கூறும் பொய்யான அறிவிப்பும் நஜ்ஷின் புதிய உடைகளே.

இரண்டாவது முலாமஸா. மடித்து வைத்த துணியை விரித்துப் பார்க்க விடாமல், தொட்டாலே விற்பனை முடிந்தது என்று வைத்துக்கொள்ளும் முறை இது. வாங்குபவர் பார்க்கும் முன்பே, யோசிக்கும் முன்பே அவரைக் கட்டிப்போடுவது இதன் நோக்கம். இத்தனையும் எடுத்துப் போடச் சொன்னீர்களே, வாங்காமல் போகலாமா என்று இன்று கேட்கும் முகத்தில் அந்தப் பழைய முலாமஸாவின் சாயல் இருக்கத்தான் செய்கிறது.

மூன்றாவது முஸர்ராத். விற்பனைக்குச் சில நாள் முன்பிருந்தே ஆட்டிலோ ஒட்டகத்திலோ பால் கறக்காமல் விட்டு, மடி பெருத்துத் தெரியும்படி செய்து சந்தைக்கு ஓட்டி வருவார்கள். வாங்கியவர் வீட்டில் கறந்து பார்த்த பிறகுதான் உண்மை தெரியும். இவ்வாறு ஏமாந்தவர் மூன்று நாள்களுக்குள் அந்தப் பிராணியைத் திருப்பிக் கொடுக்கலாம். கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாவு பேரீச்சம்பழம் கொடுத்தால் போதும் என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமைக்குக் காலக்கெடுவும் ஈடும் சேர்த்து வகுக்கப்பட்டதை இதில் காண்கிறோம்.

நான்காவது, சந்தை நிலவரம் அறியாமல் வெளியூரிலிருந்து வரும் வணிகக் கூட்டத்தை ஊருக்கு வெளியிலேயே மறித்து, அடிமாட்டு விலைக்குப் பொருளை வாங்கிக்கொள்வது. இதுவும் தடுக்கப்பட்டது. அப்படி விற்றுவிட்டவர் சந்தைக்கு வந்து உண்மை விலையை அறிந்தால், விற்பனையை முறித்துக்கொள்ளும் உரிமை அவருக்கு அளிக்கப்பட்டது.

சத்தியம் செய்து விற்பதையும் நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். சத்தியம் சரக்கை விற்றுத் தரும், ஆனால் பரக்கத்தை அழித்துவிடும் என்பது அவர்களின் எச்சரிக்கையின் கருத்து. கடைவீதியில் அல்லாஹ்வின் பெயரை நாம் எவ்வளவு மலிவாகப் புழங்குகிறோம் என்பதைச் சிந்திக்க வேண்டும்.

ஏமாறுபவருக்குக் கிடைத்த ஒரு சொல்

இந்தத் தடைகளைவிட நம் நெஞ்சைத் தொடுவது ஹப்பான் இப்னு முன்கித் (ரலி) அவர்களின் செய்தி. தலையில் ஏற்பட்ட காயத்தால் அவருடைய பேச்சு குழறியது. கணிக்கும் ஆற்றலும் குன்றியிருந்தது. ஆயினும் வாங்குவதையும் விற்பதையும் அவர் விடவில்லை. அடிக்கடி ஏமாந்தும் வந்தார். அவரை வணிகத்திலிருந்து தடுத்து நிறுத்துமாறு குடும்பத்தார் நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டனர். நபி (ஸல்) அவர்கள் அவரை அழைத்துச் சொல்லிப் பார்த்தார்கள். வணிகம் செய்யாமல் தம்மால் இருக்க முடியாது என்றார் அவர்.

அதன்பின் நபி (ஸல்) அவர்கள் அவருக்கு ஒரு சொல்லைக் கற்றுக் கொடுத்தார்கள். பேரம் முடியும்போது 'லா கிலாபா', அதாவது ஏமாற்று கூடாது என்று சொல்லிவிட வேண்டும். வேறு அறிவிப்புகளின்படி, வாங்கிய எந்தப் பொருளையும் மூன்று நாள்களுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமையும் அவருக்கு வழங்கப்பட்டது. பிற்காலத்தில் அவர் ஒரு பொருளைத் திருப்பிக் கொடுக்கச் செல்லும்போது வியாபாரி மறுத்தால், நபித்தோழர் ஒருவர் வந்து அந்த உரிமைக்குச் சாட்சி சொல்வாராம்.

ஏமாறக்கூடியவர் சந்தைக்கு வராமல் இருப்பதுதான் நல்லது என்று குடும்பத்தார் நினைத்தார்கள். நம் வீடுகளிலும் வயது முதிர்ந்த பெற்றோரைப் பற்றி நாம் இப்படித்தானே சொல்கிறோம்! ஆனால் அங்கே அந்த மனிதரின் விருப்பம் மதிக்கப்பட்டது; அவருக்கேற்ப நடந்துகொள்ளும் பொறுப்பு சந்தையின் மீது சுமத்தப்பட்டது. அவருடைய குழறல் பேச்சு வியாபாரிகளுக்கு ஆதாயமாகிவிடாமல் அந்த ஒற்றைச் சொல் காத்தது.

இதோடு சேர்த்து அறிய வேண்டியது, விற்பவரும் வாங்குபவரும் பிரிந்து செல்லும்வரை இருவருக்கும் விருப்ப உரிமை உண்டு என்ற நபிமொழி. ஷாஃபிஈ அறிஞர்கள் இதை, அமர்ந்த இடத்தை விட்டு உடலால் பிரியும்வரை என்று விளங்கினார்கள். ஹனஃபி அறிஞர்கள், பேச்சு முடிந்து ஒப்புக்கொள்ளும்வரை என்று விளங்கினார்கள். இரு மத்ஹபினரும் அண்டை அயலாக வாழும் நம் ஊர்களில் இந்த வேறுபாடு பலருக்கும் தெரிந்ததே. விளக்கம் எதுவாயினும், வாங்குபவருக்கு யோசிக்க இடம் கொடுக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

கலீஃபாவின் காலமும் வணிகரின் மனசாட்சியும்

உமர் (ரலி) அவர்கள் தம் ஆட்சிக் காலத்தில் சந்தையைத் தாமே சுற்றி வந்து பார்த்ததை வரலாற்று நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. மார்க்கச் சட்டம் அறியாதவர் தம் சந்தையில் விற்க வேண்டாம் என்ற அவர்களின் கட்டளை திர்மிதீ நூலில் பதிவாகியுள்ளது. எழுதப் படிக்கத் தெரிந்த பெண்மணியாகிய அஷ்ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) அவர்களிடம் சந்தை தொடர்பான சில பொறுப்புகளை உமர் (ரலி) ஒப்படைத்தார்கள் என்று நபித்தோழர் வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. அச்செய்தியின் வலிமை பற்றி அறிஞர்களிடையே விவாதம் உண்டு.

அடுத்த தலைமுறைகளில் பஸ்ரா நகரம் பெரும் வணிக மையமாயிற்று. அங்கே துணி வணிகராக இருந்தவர் யூனுஸ் இப்னு உபைத் (ரஹ்). இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் இவரைப் பற்றிச் சொல்லும் செய்தி, கடை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டியது. யூனுஸ் தொழுகைக்குச் சென்றிருந்த நேரத்தில் அவருடைய சகோதரரின் மகன் கடையில் இருந்தான். கிராமவாசி ஒருவர் வந்து 400 திர்ஹம் பெறுமானமுள்ள ஆடை கேட்டார். பையன் 200 திர்ஹம் ஆடையைக் காட்டினான். அவருக்குப் பிடித்துவிட்டது, 400 கொடுத்து வாங்கிப் போனார். வழியில் எதிர்ப்பட்ட யூனுஸ், தம் கடைத் துணியை அடையாளம் கண்டு விலையைக் கேட்டார். இது 200க்கு மேல் பெறாது, திரும்பி வாருங்கள் என்றார். எங்கள் ஊரில் இது 500 பெறும், எனக்கு மனநிறைவுதான் என்றார் கிராமவாசி. யூனுஸ் விடவில்லை. கடைக்கு அழைத்து வந்து 200 திர்ஹத்தைத் திருப்பிக் கொடுத்தார், பையனையும் கடிந்துகொண்டார்.

வாங்கியவர் மனம் ஒப்பித்தானே வாங்கினார், பிறகென்ன என்று நாம் கேட்கலாம். விலை தெரியாத காரணத்தால் வந்த ஒப்புதலை ஒப்புதலாகவே யூனுஸ் கருதவில்லை என்பதுதான் இதிலுள்ள செய்தி. அவரைப் பற்றிய இன்னொரு செய்தியும் உண்டு. கடைப் பையன் பட்டுத் துணியை எடுத்து விரித்தபோது, யா அல்லாஹ் எங்களுக்குச் சொர்க்கத்தைக் கொடு என்று வேண்டினான். அந்த வார்த்தை சரக்கைப் புகழ்வதுபோல் ஆகிவிட்டதே என்று அஞ்சி, யூனுஸ் அந்தத் துணியை விற்கவே மறுத்துவிட்டார். பக்தியான சொல்லும் விற்பனைக் கருவியாகிவிடக் கூடாது என்ற இந்த அச்சம், மார்க்கப் பெயர்களையும் அடையாளங்களையும் விளம்பரமாக்கும் நம் காலத்துக்கு மிகவும் தேவையானது.

இமாம் கஸ்ஸாலி (1058–1111) அதே நூலில் கடைக்காரர்களின் ஏமாற்று வழிகளையும் எடுத்துச் சொல்கிறார். துணியின் நல்ல பக்கத்தை மட்டும் காட்டி மறுபக்கத்தை மறைப்பது, ஒரு ஜோடிச் செருப்பில் நல்லதை மட்டும் எடுத்துக் காட்டுவது, மங்கலான இடத்தில் துணியை விரிப்பது ஆகியவை அனைத்தும் மோசடியே என்கிறார். அன்று இருட்டைப் பயன்படுத்தினார்கள்; இன்று கண்ணைப் பறிக்கும் விளக்கைப் பயன்படுத்துகிறார்கள். வெயிலில் வந்து பார்த்தால் நிறம் வேறாக இருப்பது அன்றைக்கும் இன்றைக்கும் பொதுவானது.

முஹ்தஸிப் என்ற அதிகாரி

அப்பாஸிய ஆட்சியில் சந்தைக் கண்காணிப்பு, முறையான அரசுப் பதவியாக வளர்ந்தது. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே வட ஆப்பிரிக்காவில் யஹ்யா இப்னு உமர் சந்தைச் சட்டங்களைத் தனி நூலாகத் தந்தார். பாக்தாதில் 1058இல் மறைந்த இமாம் மாவர்தீ, 'அல் அஹ்காமுஸ் சுல்தானிய்யா' என்ற ஆட்சியியல் நூலில் ஹிஸ்பாவுக்கு ஓர் அத்தியாயத்தை ஒதுக்கினார். வழக்கு வரும்வரை காத்திருப்பவர் நீதிபதி. முறையீடு வராவிட்டாலும், கண்முன்னே நடக்கும் தவறைத் தாமே சென்று தடுப்பவர் முஹ்தஸிப். அதே நேரத்தில் மறைவாக உள்ளவற்றைத் துருவி வேவு பார்க்கும் அதிகாரம் அவருக்கு இல்லை.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிரியாவைச் சேர்ந்த ஷைஸரீ, முஹ்தஸிபுக்கான கையேடு ஒன்றை 40 அத்தியாயங்களில் எழுதினார். ரொட்டிக்காரர், இறைச்சிக்காரர், துணிக்காரர், தரகர், மருந்து விற்பவர் என்று தொழில்வாரியாக அது விரிகிறது. எடைக்கற்கள் இரும்பாலானவையாக, முத்திரை இடப்பட்டவையாக இருக்க வேண்டும். ரொட்டி மாவு பிசைபவர் வாயை மூடியிருக்க வேண்டும். வியர்வை மாவில் சொட்டாமலிருக்க நெற்றியில் துணி கட்ட வேண்டும். ஈ விரட்ட ஓர் ஆள் நிற்க வேண்டும். வெள்ளாட்டு இறைச்சியைச் செம்மறி இறைச்சி என்று விற்றுவிடாமல் இருக்க, அதில் குங்குமப்பூச் சாயத்தால் புள்ளி வைக்க வேண்டும். தரகர்கள் துணி வியாபாரியோடு இரகசியக் கூட்டு வைத்துக்கொள்ளக் கூடாது. தாமாக விலையை ஏற்றக் கூடாது. குறை தெரிந்தால் வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும்.

அந்தலுஸ் நாட்டு நிலையை அல்மக்கரீ என்ற வரலாற்றாசிரியர் 'நஃப்ஹுத் தீப்' நூலில் பதிந்துள்ளார். அங்கே முஹ்தஸிப் தராசு சுமந்த உதவியாளர்களோடு குதிரையில் சந்தையைச் சுற்றி வருவார். இறைச்சியின் மீது விலை எழுதிய சீட்டு இருக்கும். அதற்கு மேல் ஒரு காசும் கேட்க இறைச்சிக்காரர் துணிய மாட்டார். முஹ்தஸிப் ஒரு சிறுவனையோ சிறுமியையோ இரகசியமாக அனுப்பிப் பொருள் வாங்கி வரச் செய்து, அதை நிறுத்துப் பார்ப்பார். எடை குறைந்திருந்தால் தண்டனை. மீண்டும் மீண்டும் செய்தால் ஊரை விட்டே வெளியேற்றம்.

விலைச் சீட்டும், வாடிக்கையாளர் வேடத்தில் ஆள் அனுப்பிச் சோதிக்கும் முறையும் இக்காலக் கண்டுபிடிப்புகள் என்றே நாம் நினைத்திருந்தோம். சோதனைக்கு அனுப்பப்பட்டவர்கள் சிறுவர்கள் என்பதும் கருத்துக்குரியது. விவரம் அறிந்த பெரியவரிடம் எல்லாக் கடைக்காரர்களும் ஒழுங்காகவே நடப்பார்கள். சிறு பிள்ளை வந்து நிற்கும்போது தராசு எப்படி நிற்கிறது என்பதில்தான் ஒரு கடையின் தரம் தெரியும்.

இந்தப் பதவியை அந்தலுஸை வென்ற கிறிஸ்தவ அரசர்களும் கைவிடவில்லை. எடை, அளவு அதிகாரியைக் குறிக்கும் 'அல்மொத்தாசென்' என்ற ஸ்பானியச் சொல், 'அல் முஹ்தஸிப்' என்பதிலிருந்து வந்ததே.

நிழல் விழுந்த பக்கங்கள்

வரலாற்றை நாம் ஒரு பக்கமாக மட்டும் படிப்பது நேர்மை ஆகாது. மம்லூக் ஆட்சியின் பிற்பகுதியில் கெய்ரோவில் பதவிகள் பணத்துக்கு விற்கப்பட்டன. அந்நகரின் முஹ்தஸிபாகவே பணியாற்றிய வரலாற்றாசிரியர் அல்மக்ரீஸீ (1364–1442), நாட்டின் பஞ்சத்துக்கும் விலை ஏற்றத்துக்கும் முதன்மையான காரணங்களுள் ஒன்றாக, லஞ்சம் கொடுத்துப் பதவி பெறுவதையே எடுத்துக் காட்டினார். பணம் கொடுத்துப் பதவிக்கு வந்தவர் அதைச் சந்தையிலிருந்தே திரும்ப எடுப்பார் அல்லவா?

டில்லியில் அலாவுத்தீன் கில்ஜி (ஆட்சி 1296–1316) விலைகளை நிர்ணயித்து, சிறுவர்களை அனுப்பிப் பொருள் வாங்கி எடையைச் சோதித்ததை வரலாற்றாசிரியர் பரணீ எழுதியுள்ளார். எடை குறைத்த கடைக்காரரின் உடலிலிருந்து அந்த அளவுக்குச் சதை வெட்டப்பட்டது என்றும் அவரே எழுதுகிறார். அந்தக் கொடுமையைப் பெருமையாகப் பேச நமக்கு ஒன்றுமில்லை. அச்சத்தால் நிமிர்ந்த அந்தத் தராசு, சுல்தான் மறைந்ததும் பழைய நிலைக்கே திரும்பியது.

நம் கடற்கரைக்கும் இதில் பங்கு உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் ஹுர்முஸ், கீஷ், ஏடன் முதலிய துறைமுகங்களிலிருந்து பாண்டிய நாட்டுக்குக் குதிரைகள் வந்து இறங்கின. காயல் துறைமுகம் அதனால் செழித்தது. ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தீனார் விலை என்றும், கடல் வழியில் இறந்த குதிரைக்கும் அரச கருவூலமே பணம் தர வேண்டும் என்றும் ஒப்பந்தம் இருந்ததாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் குறிப்பிடுகிறார். அதே காலத்தில் இங்கு வந்த மார்க்கோ போலோ இன்னொன்றையும் எழுதினார். அரசர் ஆண்டுதோறும் 2000க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்கினாலும், பராமரிப்பு தெரியாததால் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை. குதிரை வணிகர்கள் கால்நடை மருத்துவர்களை அழைத்து வருவதுமில்லை, வேறெவரும் வர விடுவதுமில்லை, குதிரைகள் பிழைத்துவிட்டால் விற்பனை குறைந்துவிடுமே என்பதுதான் காரணம் என்கிறார்.

பயணியின் கூற்றில் மிகை இருக்கலாம். ஆயினும் அந்த வணிகர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்களே. ஈரத் தானியத்தின் செய்தியை அவர்கள் கேள்விப்படாதவர்கள் அல்லர். தெரிந்ததைச் சொல்லாமல் இலாபம் பார்ப்பது என்பது, அறிந்த சமூகத்திலும் நுழைந்துவிடும் நோய். பழுது பார்க்க உதிரிப்பாகம் கிடைக்காதபடி செய்து புதிய கருவியை வாங்க வைக்கும் இக்கால நிறுவனங்களைக் குறை சொல்லும்போது, அந்தக் குதிரைகளையும் நாம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

இன்றைய சட்டமும் நம் பொறுப்பும்

இந்தியாவில் இன்று முஹ்தஸிபின் வேலையைப் பல சட்டங்கள் பங்கிட்டுக்கொண்டுள்ளன. 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் தராசையும் பொட்டலத்தின் மேல் அச்சிடும் விலையையும் கவனிக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாள்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது. ஆகவே பழுதான பொருளுக்கு முன்னால், திரும்பப் பெறப்பட மாட்டாது என்ற அச்சு வரிக்கு மதிப்பில்லை. ரசீது போடுவதற்காகக் கைப்பேசி எண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2023ஆம் ஆண்டில் மத்திய நுகர்வோர் துறை வணிகர்களுக்கு அறிவுறுத்தியது. அதே ஆண்டு நவம்பரில், இணைய விற்பனையில் கையாளப்படும் 13 வகைத் தந்திரங்கள் தடை செய்யப்பட்டன. பொய்யான அவசரம் காட்டுவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, வேண்டாம் என்பவரைக் கூச வைப்பது, ஓயாமல் நச்சரிப்பது ஆகியவை அப்பட்டியலில் உள்ளன. முறையிட விரும்புவோர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

இவற்றைப் பயன்படுத்துவது சண்டைக்காரரின் குணமாகாது. நம் உரிமையை அமைதியாகக் கேட்பதே ஆகும். ஹப்பான் (ரலி) கற்ற அந்தச் சொல்லை நாமும் கனிவோடு சொல்லலாம். பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி எழுவதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை என்பதை நம் பிள்ளைகளுக்கும் பழக்க வேண்டும்.

அதே வேளையில், நம்மைப் பின்தொடரும் அந்தப் பணியாளரையும் நாம் பார்க்க வேண்டும். பல கடைகளில் அவர் தம் விருப்பத்தால் நச்சரிப்பதில்லை. இன்று இத்தனை உருப்படி விற்றாக வேண்டும் என்ற நெருக்கடி மேலிருந்து வருகிறது. நாள் முழுதும் நின்றே வேலை செய்த கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. அவர்மேல் எரிந்து விழுவதால் எந்தத் தந்திரமும் மாறாது. வாங்கும்போதும் விற்கும்போதும் கடனைக் கேட்கும்போதும் இலகுவாக நடப்பவருக்கு அல்லாஹ்வின் கருணை உண்டு என்ற நபிமொழி, வாங்கும் நமக்கும் சேர்த்தே சொல்லப்பட்டது.

கடை நடத்தும் சகோதரர்களிடம் சில வேண்டுகோள்கள். கடை ஊழியர்களிடம் ஆணையிட்டு விற்க வேண்டாம் என்று சொல்லுங்கள். குறையுள்ள உருப்படியைத் தனியே வைத்து, குறையை எழுதி விலை குறைத்து விற்கலாம். சில்லறைக்கு ஒரு பெட்டி வையுங்கள். கேட்காத மிட்டாய் எவருடைய மனம் ஒப்பியும் விற்கப்பட்டதாகாது. வாங்கியபின் மனம் வருந்தித் திருப்பித் தர வருபவரிடம் பொருளைப் பெற்றுக்கொள்பவரின் பிழைகளை அல்லாஹ் பொறுத்துக்கொள்வான் என்று நபிமொழி உள்ளது. இதற்கு 'இகாலா' என்று பெயர். பொருளில் குறை இல்லாவிட்டாலும் பெற்றுக்கொள்ளலாம் என்பதால், இன்றைய சட்டம் கேட்பதைவிட இது ஒரு படி மேலானது. பெருநாள் முடிந்த மூன்று நாள்களுக்கு, பயன்படுத்தாத துணியைத் திரும்பப் பெறுகிறோம் என்று ஒரு பலகை எழுதி வைத்தால் என்ன குறைந்துவிடும்?

கெய்ரோவில் லஞ்சமும் டில்லியில் கத்தியும் காட்டியது ஒன்றே. வெளியிலிருந்து வரும் கண்காணிப்பு தேவைதான். ஆனால் அது மட்டும் போதாது. 'ஹிஸ்பா' என்ற சொல்லோடு ஒரே வேரிலிருந்து பிறந்தவை 'ஹிஸாப்' என்ற கணக்கும், 'இஹ்திஸாப்' என்ற நற்கூலியை எதிர்பார்த்துச் செய்யும் செயலும். அளவையில் குறைப்பவர்களைக் கண்டித்து இறங்கிய 83ஆம் அத்தியாயம், தாங்கள் மீண்டும் எழுப்பப்படுவோம் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லையா என்ற கருத்தில் கேள்வி எழுப்புகிறது. யூனுஸ் இப்னு உபைத் அந்தக் கிராமவாசியைத் திரும்ப அழைத்து வந்த தெருவில் எந்த அதிகாரியும் நிற்கவில்லை.

நம் கடைகளில் சிறு பிள்ளை தனியாக வந்தாலும், விவரம் தெரியாத முதியவர் வந்தாலும், வேற்று மதத்தவரோ வெளியூர்க்காரரோ வந்தாலும், ஒரே தராசும் ஒரே விலையும் ஒரே முகமும் கிடைக்கும் நிலையை வல்ல அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! நம் வருவாயில் பரக்கத்தையும், நம் கொடுக்கல் வாங்கலில் இலகுவையும் நல்குவானாக! ஆமீன்.